யாரும் போடாத அறுபத்து நாலு

கார்லிஸ் கல்லூரியின் கால்பந்து மைதானத்தில், வடக்குச் சுவரில், ஐந்து எண்கள் பெரிய தகரப் பலகைகளில் தொங்குகின்றன. ஏழு, பன்னிரண்டு, இருபத்தொன்று, இருபத்தெட்டு, நாற்பத்து மூன்று. அந்த ஐந்தையும் இனி எந்த ஆட்டக்காரனும் முதுகில் போட்டுக்கொண்டு இறங்க முடியாது. ஐந்துக்கும் உரியவர்கள் பந்தை எறிந்தவர்கள், அல்லது பந்தோடு ஓடியவர்கள். முக்கால்வாசி கையாலேயே ஆடுகிற இந்த அமெரிக்கக் கால்பந்தில் பந்தைத் தொடுகிறவனுக்குத்தான் பெயர். முன்வரிசையில் குனிந்து நின்று, எதிரியை முட்டித் தள்ளி, மற்றவன் ஓட வழி பண்ணிக் கொடுக்கிற தடியர்களுக்குச் சுவரிலும் இடமில்லை, மறுநாள் செய்தித்தாளிலும் இடமில்லை.

ஆறாவதாக ஒரு எண் இருந்தது. அது சுவரில் இல்லை, கல்லூரிப் பதிவேட்டிலும் இல்லை. வெண்டல் ஸ்ட்ரங்க் என்ற ஒரு மனிதரின் பிடிவாதத்தில் மட்டும் இருந்தது. நாற்பத்திரண்டு வருஷமாக அறுபத்து நாலாம் எண்ணை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

வெண்டலுக்கு அறுபத்திரண்டு வயது. பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. அதுதான் அவர் ராஜ்ஜியம். ஹெல்மெட்டுகள், தோள் கவசங்கள், நூற்றுப் பத்து ஜோடி ஷூக்கள், சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் மலையாக வந்து விழுகிற அழுக்குத் துணி. புல் கறைக்கு எந்தச் சோப்பு, ரத்தக் கறைக்கு எந்தச் சோப்பு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புது ஆட்டக்காரன் வாசலில் நிற்கும்போதே காலைப் பார்த்து, “பதிமூணரை, அகலம்” என்று முனகுவார். அளந்து பார்த்தால் பதின்மூன்றரைதான். அவருடைய மனைவி ஜோலீன் பதினோரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். “நீ என்கிட்ட பேசுறதைவிட அந்த ஹெல்மெட்டுங்ககிட்டதான் அதிகமாப் பேசுற” என்று சொல்லிவிட்டு ஒருநாள் விச்சிட்டா நகரத்துக்குப் போய்விட்டாள். அன்றைக்குக்கூட அவர் வேலைக்கு வந்து ஹெல்மெட்டுக்கு ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தார் என்று ஊரில் சொல்வார்கள். பொய்யாக இருக்காது.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஜெர்சி தைக்கும் கம்பெனிக்கு ஒரு பட்டியல் போகும். எண், அளவு, எத்தனை. அறுபத்து நாலுக்கு எதிரே வெண்டல் ஒரு கோடு போட்டு அனுப்பிவிடுவார். எவனாவது அந்த எண்ணைக் கேட்டு வந்தால், “அது சாயம் போயிடுச்சு” என்பார். இன்னொரு வருஷம், “அது உன் அளவுல இல்ல” என்பார். நான்கு கோச்சுகள் வந்தார்கள், போனார்கள். விஷயம் காதில் விழுந்தவர்கள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் டாரல் ப்ரூயிட்.

1977 ஆகஸ்ட். கோதுமை அறுப்பு முடிந்து, கான்ஸஸ் மாநிலம் முழுக்கக் காய்ந்த தாள் வெயிலில் வெந்துகொண்டிருந்த மாதம். வெண்டல் அப்போது இருபது வயது மாணவன். அணிக்குச் சாமான் தூக்கிப் போட்டுப் படிப்புச் செலவைச் சமாளித்துக்கொண்டிருந்தார். கோச் ரேபர்ன் பழைய பட்டாளத்துக்காரர். பயிற்சியின் நடுவே தண்ணீர் குடிப்பவன் உருப்பட மாட்டான் என்பது அவர் சித்தாந்தம். அவர் மட்டுமென்ன, அந்தக் காலத்துக் கோச்சுகளில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்தார்கள். மைதானத்தில் தண்ணீர் இருக்கவேண்டும் என்று கல்லூரி டாக்டர் சொன்னதற்காக ஒரு தள்ளுவண்டியில் நான்கு கேன்கள் நின்றன. சாயங்காலம் விசில் ஊதும் வரை அவற்றின் பக்கம் யாரும் போகக் கூடாது. வண்டிக்குக் காவல் வெண்டல்.

பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள் சாயங்காலம் டாரல் வந்தான். பத்தொன்பது வயது, கோதுமைக்காரர் மகன், முன்வரிசை ஆள். முகம் வெளுத்திருந்தது, வியர்வை நின்று போயிருந்தது. வியர்வை நிற்பது எவ்வளவு மோசம் என்று இப்போது பள்ளிக்கூடக் குழந்தைக்குக்கூடச் சொல்லித் தருகிறார்கள். அன்று வெண்டலுக்குத் தெரியாது.

“ஒரு வாய், வெண்டல். ஒரே ஒரு வாய்.”

வெண்டல் குவளையை நிரப்பினார். நாற்பது கஜம் தள்ளியிருந்து ரேபர்னின் குரல் வந்தது.

“கொட்டுடா அதை!”

வெண்டல் கொட்டினார். டாரலின் ஷூ மேலேயே கொட்டினார். டாரல் அதைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பி ஓடினான். அரைமணி கழித்து விழுந்தான். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் செத்தான்.

கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. ‘தண்ணீர் வண்டி பயிற்சி முழுவதும் மைதானத்தில் இருந்தது. மாணவன் நீர் அருந்தவில்லை.’ இரண்டு வாக்கியம், இரண்டும் அப்பட்டமான உண்மை. இதைவிடப் பெரிய பொய்யை நான் படித்ததில்லை. வண்டிக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் வெண்டலிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் போட்டுக் கொடுத்தார். அடுத்த வருஷமே அவருக்குச் சாமான் அறையில் நிரந்தர வேலை கிடைத்தது.

சவ அடக்கத்தன்று டாரலின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அறுபத்து நாலை இனிமே யாரும் போட மாட்டாங்க” என்று ரேபர்ன் வாக்குக் கொடுத்தார். எதிலும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. ரேபர்ன் செத்த பிறகு மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

டாரலின் அம்மா நியோமா ப்ரூயிட்டுக்கு இப்போது எண்பத்தேழு வயது. ஊர்க்கோடியில் தானியக் கோபுரங்களுக்குப் பின்னால் தனி வீடு. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் உள்ளே வந்தாலும், தபால்காரனாக இருந்தாலும் பாதிரியாராக இருந்தாலும், ஒரு பெரிய கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அவர்கள் முழுசாகக் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் பேச்சு.

“முன்னாலயே தண்ணி இருந்துச்சாம், வெண்டல். குடிக்கல பாரு” என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்வாள். “சின்னதுலேர்ந்தே வீம்பு. பால் வெச்சா பால் அப்படியே இருக்கும். அவங்க அப்பாவுக்கு இது ஆறவே இல்ல. ‘தானே உசிர விட்டவனுக்கு எதுக்குடி படம்’னு சுவத்துலேர்ந்து கழட்டிப் பெட்டிக்குள்ள போட்டுட்டார். சாகுற வரைக்கும் வெளிய எடுக்க விடல. காலேஜ்காரங்க நல்லவங்க. இப்படிப்பட்ட முட்டாளுக்கும் ஒரு நம்பரை ஒதுக்கி வெச்சாங்களே.”

வெண்டல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே தலையாட்டுவார். நாற்பத்திரண்டு வருஷமாக இப்படித் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொள்வார். அடுத்த முறை சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணுவார். அடுத்த முறையும் தலைதான் ஆடும். கோழை என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

சொந்த மைதானத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நியோமா வருவாள். கிழக்குப் பக்கம் பத்தாம் வரிசை, முழங்காலில் ஒரு கம்பளி. ஆட்டம் அவளுக்குப் பொருட்டில்லை. அச்சடித்த ஆட்டக்காரர் பட்டியலை வாங்கி, எண் வரிசையில் விரலை ஓட்டுவாள். அறுபத்து மூன்று, அடுத்து அறுபத்தைந்து. நடுவில் ஒன்றுமில்லை. அதைப் பார்க்கத்தான் வருவாள். ‘இங்கே ஒருத்தன் இருந்தான்’ என்று அந்த ஊரில் சொல்கிற ஒரே இடம் அந்த இல்லாத வரிதான். சில வருஷமாகக் காகிதப் பட்டியல் கிடையாது, எல்லாம் கைப்பேசியில். அதனால் வெண்டலே பெரிய எழுத்தில் ஒரு தாள் அடித்து, ஆட்டத்துக்கு முந்தின நாள் அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். அவள் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பாள்.

2019 ஜூலையில் புதுக் கோச் மெரிக் சாமான் அறைக்கு வந்தார். நாற்பத்தொரு வயது, சுறுசுறுப்பு, யாரையும் கடித்துத் தின்கிற ஆள் இல்லை.

“வெண்டல், அறுபத்து நாலு எங்க?”

“அது கொடுக்கிறதில்ல, கோச்.”

“கொடுக்கிறதில்லையா? சுவத்துல அஞ்சுதானே தொங்குது? நான் எண்ணிட்டேன். என்கிட்ட நூத்திப் பத்துப் பசங்க, மிச்சம் இருக்கிறது தொண்ணூத்தி நாலு நம்பர். ஒரே நம்பரை ரெண்டு ரெண்டு பேர் போட்டுக்கிட்டுத் திரியிறாங்க. போன வருஷம் ரெண்டு இருபத்தாறும் ஒண்ணாக் களத்துல இறங்கி அபராதம் வாங்கினதை ஊரே பார்த்துச் சிரிச்சுது. இதுல நீங்க வேற ரகசியமா ஒண்ணைப் பதுக்கி வெச்சிருக்கீங்க. யாரு அந்த மகராசன்? என்ன சாதிச்சான்?”

“ஒரு ஆட்டம்கூட ஆடல.”

கோச் சிரித்தார். வெண்டலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மூன்றாம் நாள் பயிற்சியில் விழுந்து, பிறகு செத்துப் போனான் என்று கேட்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆனால் சொல்ல வந்ததை அவர் விடவில்லை.

“மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா டெக்ஸாஸ்லேர்ந்து ஒருத்தன் வர்றான், மலாக்கி ஃபோன்டேன். அறுபத்து நாலு தர்றேன்னு சொல்லித்தான் அவனை இழுத்தேன். படமும் எடுத்துப் போட்டாச்சு. இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நம்பரைப் பூட்டி வெச்சா எவன் நினைச்சுப் பார்ப்பான்? ஒருத்தன் போட்டுக்கிட்டு ஓடினாத்தான் ‘இது யாரோடது’ன்னு கேப்பான். நெஞ்சுல சின்னதா அந்தப் பையன் பேரைத் தைச்சுடலாம்.”

“அவங்க அம்மா இன்னும் இருக்காங்க, கோச். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வர்றாங்க.”

மெரிக் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். “கமிட்டிக்குப் போங்க. அவங்க முறையா ஒதுக்கிட்டா மலாக்கிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

கமிட்டி என்றால் மூன்று பேர். விளையாட்டுத் துறைத் தலைவி டெனிஸ் ஆர்ட்மேன், கோச் மெரிக், கல்லூரி வக்கீல். வெண்டல் அன்று கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். ஜோலீன் வாங்கிக் கொடுத்த கோட்டு, வயிற்றில் பொத்தான் போட முடியவில்லை.

ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பதற்கான விதியை டெனிஸ் படித்தார். அகில அமெரிக்க அணிக்குத் தேர்வாகியிருக்க வேண்டும். பட்டம் வாங்கியிருக்க வேண்டும். ஆடி முடித்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

“டாரல் ப்ரூயிட் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கார், வெண்டல்?”

“ஒண்ணுமில்லைங்க.”

“எனக்குப் புரியுது. ஆனா வர்றவங்க எல்லாம் ஒரு காரணத்தோட வர்றாங்க. போன மாசம் ஒருத்தர் தன் அண்ணனுக்காக எண்பத்தெட்டைக் கேட்டார். எல்லாருக்கும் சரின்னா முப்பது வருஷத்துல பசங்க மூணு இலக்கம் போட்டுக்கிட்டு ஓடணும். கோச் ரேபர்ன் சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“அப்போ அது அவரோட இரக்கம். கல்லூரியோட கடமை இல்லையே.”

அந்த வார்த்தைதான் வெண்டலைக் கிளப்பிவிட்டது. இரக்கமா? ரேபர்னுக்கா? நாற்பத்திரண்டு வருஷம் தொண்டையில் நின்றது அந்த ஏசி அறையில் வெளியே வந்தது. வண்டி, குவளை, ‘கொட்டுடா அதை’, நனைந்த ஷூ, அறிக்கை, கையெழுத்து. நடுவில் குரல் உடைந்து இரண்டு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார். சொல்லி முடித்தபோது மெரிக் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெனிஸின் கண் கலங்கியிருந்தது. வெண்டலுக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது.

வக்கீல் பேனாவை மூடி வைத்தார்.

“இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“இல்ல.”

“இனியும் சொல்ல வேண்டாம். இன்னிக்குப் பேசினது எதுவும் குறிப்புல ஏறாது. அந்த நம்பரை இப்ப ஒதுக்கவும் முடியாது. ஆட்டமே ஆடாதவனுக்கு ஏன் இந்த மரியாதைன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன பதில் சொல்றது? ஒதுக்கினாலே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பெயரைத் தைக்கிற யோசனையும் வேண்டாம், கோச். எப்பவும் போல நம்பரைக் கொடுத்துடுங்க. அதுதான் பாதுகாப்பு.”

வெளியே நடைக்கூடத்தில் டெனிஸ் அவர் பின்னாலேயே வந்தார். “நீங்க அதைச் சொல்லாம இருந்திருந்தா, வெண்டல், அந்த அம்மா இருக்கிற வரைக்குமாவது ஏதாவது வழி பண்ணியிருப்பேன்” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். வெண்டல் நன்றி சொல்லிவிட்டு நடந்தார்.

அவசரமாக ஒரே ஒரு ஜெர்சிக்கு ஆர்டர் போயிற்று. ஆகஸ்ட் நடுவில் வந்து சேர்ந்தது. மலாக்கி ஃபோன்டேன் சாமான் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். நூற்று நாற்பது கிலோ, நல்ல பையன், பேச்சுக்குப் பேச்சு ‘சார்’.

“மிஸ்டர் வெண்டல், இது ரொம்ப நாளா யாரும் போடலியாமே? ராசியில்லாத நம்பரா சார்?”

“ராசிக்கென்ன. உன் கால் பதினாலு, அகலம். இந்தா.”

“இதுக்கு முன்னால யாருது?”

“முன்வரிசைக்காரன்தான்.”

“நல்லா ஆடுவாரா?”

“பாக்கல” என்றார் வெண்டல். ஜெர்சியை மடித்து நீட்டியபோது கை அதை விட மறுத்தது. மலாக்கி மெதுவாக இழுத்துக்கொண்டான். பிறகு, “தண்ணி நிறையக் குடி” என்று சொன்னார். மலாக்கி, “எங்கம்மா மாதிரியே பேசுறீங்க சார்” என்று சிரித்துக்கொண்டே போனான்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், வெண்டல் கணினி முன்னால் உட்கார்ந்து நியோமாவுக்கான தாளை அடித்தார். அறுபத்து மூன்று வந்தது. அறுபத்து நாலு, மலாக்கி ஃபோன்டேன் வந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வரியை அழித்தார்.

அவர் மனசில் ஓடிய கணக்கு இதுதான். பத்தாம் வரிசையிலிருந்து களத்தில் ஓடுகிற எண்ணைப் படிக்க அவளுக்குக் கண் இல்லை. ஒலிபெருக்கியில் பெயர் சொல்வதெல்லாம் பந்தைத் தொடுகிறவனுக்கு. முன்வரிசைக்காரனை எவன் சொல்லப் போகிறான்? அவளுக்கு எண்பத்தேழு. இன்னும் எத்தனை வருஷம்? கடைசி வரைக்கும் அந்த வரி இல்லாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

நியோமா தண்ணீர் வைத்தாள். அவர் குடித்தார். அவள் பூதக்கண்ணாடியை எடுத்து விரலை ஓட்டினாள்.

“அறுபத்து மூணு… அறுபத்தஞ்சு. நல்லது.” தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். “புதுக் கோச்சு எப்படியோன்னு பயந்துட்டே இருந்தேன், வெண்டல். நீ இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையில்ல.”

வெண்டல் அவள் கொடுத்த சுக்கினிக்காய் ரொட்டியை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. மைதானம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. இறங்குவதற்கு முன் வெண்டல் மலாக்கியைத் தனியாக இழுத்து, “இன்னிக்கு மட்டும் யாரையும் கையால பிடிச்சு இழுக்காதே, சரியா?” என்றார்.

“மீனைப் போய் நனையாதேன்னு சொல்றீங்களே சார்” என்றான் அவன்.

முதல் பாதியில் பாதி தாண்டும் வரை ஒன்றுமில்லை. வெண்டல் எல்லைக்கோட்டில் நின்று களத்தைப் பார்ப்பார், திரும்பிப் பத்தாம் வரிசையைப் பார்ப்பார். கம்பளி தெரிந்தது, அவளுடைய வெள்ளைத் தலை தெரிந்தது. பக்கத்துக்காரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது நம் அணியின் ஓட்டக்காரன் இருபது கஜம் பிய்த்துக்கொண்டு ஓடினான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. புல்லில் ஒரு மஞ்சள் துணி வந்து விழுந்தது, யாரோ தப்பாட்டம் ஆடிவிட்டதற்கு நடுவர் எறிகிற துணி.

நடுவர் இடுப்பிலிருந்த மைக்கைத் தட்டினார். முன்வரிசைக்காரனின் எண்ணை ஊரறியச் சொல்கிற ஒரே ஆள் அவர்தான். அதுவும் அவன் தப்புப் பண்ணும்போது மட்டும். வெண்டல் இதையும் கணக்கில் சேர்த்திருந்தார். நடக்காமல் இருக்கட்டும் என்று விட்டிருந்தார்.

“பிடித்து இழுத்தது. தாக்கும் அணி. எண் அறுபத்து நாலு. பத்து கஜம்.”

நான்கு கம்பங்களிலிருந்தும் அது எதிரொலித்தது. ஓடிய இருபது கஜமும் செல்லாமல் போயிற்று. கூட்டம் ஊளையிட்டது. “அடேய் அறுபத்து நாலு! உனக்குக் கை எதுக்குடா?” என்று ஒருத்தன் கிழக்குப் பக்கத்திலிருந்து கத்தினான். “ஊருக்குத் திருப்பி அனுப்புங்கடா அறுபத்து நாலை!” என்றான் இன்னொருத்தன். சுற்றிலும் சிரிப்பு.

வெண்டல் திரும்பினார். பத்தாம் வரிசையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், நியோமா மட்டும் உட்கார்ந்திருந்தாள். கைப்பையைத் திறந்து தாளை எடுத்தாள். நான்கு மடிப்பையும் பிரித்தாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். இடைவேளைக்குப் பிறகு அந்த இருக்கை காலியாக இருந்தது. நம் அணி ஜெயித்தது. யார் எத்தனை எடுத்தார்கள் என்பது வெண்டலுக்கு இன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் அவள் வீட்டுக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. சமையலறை மேஜையில் அந்தத் தாள். எதிரே நியோமா, சர்ச்சுக்குப் போட்ட நல்ல உடுப்போடு. வழக்கம் போல் எழுந்து தண்ணீர் எடுக்கவில்லை.

“உக்காரு.”

உட்கார்ந்தார்.

“மடியில வெச்சு விரலால தடவிப் பார்த்தேன், வெண்டல். எங்கயாவது விட்டுப் போச்சோன்னு. காது கேக்கலியோன்னுகூட நினைச்சேன். பின்னாடி இருக்கிறவன் திட்டுறான். ‘அறுபத்து நாலு, அறுபத்து நாலு’ன்னு. என் பிள்ளையத் திட்டுற மாதிரியே இருந்துச்சு.”

“தப்புதான், மிசஸ் ப்ரூயிட். நம்பரைக் கொடுத்துட்டாங்க. என்னால தடுக்க முடியல. உங்ககிட்ட சொல்ற தைரியம் இல்ல.”

“அதைச் சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அழுதா என்ன? எனக்கு அழுது பழக்கம்தான்.” அவள் தாளைத் தள்ளி வைத்தாள். “இத்தனை வருஷத்துல நீ என்கிட்ட பொய் சொன்னதே இல்ல. அதுதான் உறைக்குது.”

வெண்டல் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். இதைவிட்டால் இனி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“சொல்லியிருக்கேன்,” என்றார். “முதல்லேர்ந்தே பொய்தான் சொல்லிட்டு இருக்கேன். அவன் தண்ணி கேட்டான், மிசஸ் ப்ரூயிட். என்கிட்டதான் கேட்டான். ஒரு வாய்னு கேட்டான். நான் ஊத்தினேன். கோச் கொட்டச் சொன்னார், கொட்டிட்டேன். அவன் கால் மேலயே கொட்டினேன். அவன் வீம்பு பண்ணல. அந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டது நான். அவனைக் கொன்னது நாங்க.”

நியோமா அவரையே பார்த்தாள். அவள் கத்துவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று அவர் காத்திருந்தார். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அதற்காக ஏங்கினார் என்றே சொல்ல வேண்டும்.

அவள் கையை நீட்டி அவர் கைமேல் வைத்தாள்.

“வேண்டாம், வெண்டல்.”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

“எனக்குத் தெரியும் நீ எதுக்குச் சொல்றன்னு. நம்பர் போயிடுச்சு, இந்தக் கிழவிக்கு அதுக்குப் பதிலா ஏதாவது கொடுக்கணும்னு பார்க்கிற. பிள்ளை மேல தப்பில்லேன்னு சொன்னா மனசு ஆறும்னு பழியைத் தூக்கி உன் மேலயே போட்டுக்கிற. வெள்ளிக்கிழமை ஒரு பொய், இன்னிக்கு ஒரு பொய். ரெண்டும் பிரியத்துலதான்.”

“கமிட்டிலயும் சொல்லியிருக்கேன். கேட்டுப் பாருங்க. மிஸ் ஆர்ட்மேனைக் கேளுங்க.”

“நேத்தே ஃபோன் பண்ணினேன், நம்பரை ஏன் கொடுத்தீங்கன்னு. ரொம்ப மரியாதையாப் பேசினா. பழைய விஷயம் எதுவும் அவங்க குறிப்புல இல்லேன்னுட்டா.” அவள் தலையை ஆட்டினாள். “எழுபத்தேழுல எத்தனை பசங்க அங்க இருந்தாங்க. ஒருத்தன்கூடவா வந்து சொல்லியிருக்க மாட்டான்? நீ நல்லவன். நீயா தண்ணி கேட்டவன்கிட்ட கொட்டுவ? எனக்கு உன்னைத் தெரியாதா?”

வெண்டலிடம் இருந்த ஒரே உண்மையைச் சொல்லியாகிவிட்டது. அதை ஏற்கவும் ஆளில்லை.

“இனிமே ஆட்டத்துக்கு வரல. தாள் கொண்டுவராதே. பாக்குறதுக்கு அங்க என்ன இருக்கு?” என்றாள் நியோமா. “அவன் அப்பா சொன்னதுதான் சரி. குடிக்காம செத்தவனுக்கு யாரு எத்தனை நாள் இடம் ஒதுக்கி வெப்பாங்க?”

மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குழாயடிக்குப் போய், அந்தப் பெரிய கண்ணாடி டம்ளரை விளிம்பு வரை நிரப்பினாள். இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. குடி” என்றாள். “முழுசா.”

எதிரிலேயே நின்றாள். வெண்டல் டம்ளரை எடுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.